பளபளக்கும் தட்டைப் பொருளைப் படமெடுக்கையில் வெள்ளைத் திட்டு ஏன் விழுகிறது?

கண்ணாடி போட்ட ஓவியம், லேமினேட் செய்த சான்றிதழ், பழைய போட்டோ. இவற்றின் மேல் வெள்ளைத் திட்டு விழுந்தால் பலரும் முதலில் விளக்கின் பவரைத்தான் குறைப்பார்கள். திட்டு மங்கும், கூடவே ஓவியமும் அதே அளவு மங்கும். விளக்கு எவ்வளவு எரிகிறது என்பதல்ல, எங்கே நிற்கிறது என்பதுதான் விஷயம்.

சமதளத்தில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். சுவரில் எறிந்த பந்து போலத்தான். எனவே பொருளுக்கு முன்னால் ஆபத்தான பகுதி ஒன்று உண்டு. அதற்குள் விளக்கு, ஜன்னல், உங்கள் வெள்ளைச் சட்டை என எது இருந்தாலும் படத்தில் தெரியும். அந்தப் பகுதியைக் கண்டுபிடிக்கக் கணக்கெல்லாம் வேண்டாம். பொருளின் மேல் ஒரு சின்ன முகக்கண்ணாடியைப் படுக்கையாக வைத்து, ஓரம் ஓரமாக நகர்த்தியபடி கேமரா வழியே பாருங்கள். கண்ணாடியில் விளக்கு தெரிந்தால் அந்த இடத்தில் திட்டு விழும்.

கேமராவிலேயே இருக்கும் ஃபிளாஷ் இந்த வேலைக்கு ஆகாது. அதைவிட நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு ஒன்று உண்டு: சாஃப்ட்பாக்ஸ், அதாவது ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் பெரிய துணிப்பெட்டியை விளக்கில் மாட்டுவது. முகங்களுக்கு அது அழகு. இங்கே விளக்கு பெரிதாகும் அளவுக்கு அதன் ஒரு ஓரமாவது ஆபத்தான பகுதிக்குள் நுழைந்துவிடும். பக்கவாட்டில் நிற்கும் சின்ன விளக்கே மேல்.

விளக்கை 45 டிகிரியில் வை என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் அகலக்கோண லென்ஸோடு பொருளை ஒட்டி நின்றால் அது போதாது. பின்னால் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள், ஆபத்தான பகுதி சுருங்கிவிடும். விளக்கை இன்னும் சாய்த்து, பொருளின் தளத்திலிருந்து 30 டிகிரிக்கும் கொண்டுபோகலாம். ஆனால் அப்போது கான்வாஸின் சொரசொரப்பும் சட்டத்தின் நிழலும் துருத்திக்கொண்டு தெரியும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்குகளை ஒரே தூரத்தில், கொஞ்சம் தள்ளியே வையுங்கள். பொருளின் நடுவே ஒரு பென்சிலை நிறுத்தினால் இருபுற நிழலும் ஒரே அடர்த்தியில் விழ வேண்டும்.

போலரைசர் ஃபில்டர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடி) வாங்கி ஏமாறுபவர்கள் அதிகம். கண்ணாடியின் மினுக்கத்தை அது நன்றாக வெட்டுவது, அதற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 டிகிரி சாய்வாகப் பார்க்கும்போதுதான். நேருக்கு நேர் எடுக்கும்போது ஃபில்டர் மட்டும் எதையும் பெரிதாக மாற்றாது. விளக்குகளின் மேலும் போலரைசர் தாள் ஒட்டி, லென்ஸில் உள்ளதை அதற்குக் குறுக்காகத் திருப்ப வேண்டும். வெளிச்சம் நிறைய போய்விடும், டிரைபாட் கட்டாயம்.

நாணயங்களுக்கு இந்த வித்தை வேண்டாம். உலோகம் பளபளப்பால்தான் உலோகமாகத் தெரிகிறது, அதை முழுக்க வெட்டினால் கறுத்த தகடுதான் மிஞ்சும்.

விளக்கெல்லாம் சரியான பிறகும் கண்ணாடியில் கேமராவும் நீங்களும் நிற்பீர்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, லென்ஸ் அளவுக்குத் துளை போட்ட கறுப்பு அட்டையைக் கேமராவுக்கு முன்னால் பிடியுங்கள்.

எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வெளுத்துப்போன இடத்தில் மீட்க விவரமே இருக்காது. இடமே இல்லை, திட்டு போகவே மாட்டேன் என்கிறதா? கேமராவை அசைக்காமல் இடது விளக்கில் ஒன்று, வலது விளக்கில் ஒன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் சுத்தமாக உள்ள பகுதியை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.