பழைய சைக்கிள் வாங்கும் முன் காலை அளந்துகொள்ளுங்கள்: வேலூர்ப் பக்கத்திலிருந்து ஜெர்மனி, நெதர்லாந்து வருபவர்களுக்கு

காட்பாடி, சத்துவாச்சாரி, ஆம்பூர், குடியாத்தம் என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வந்து இறங்கியதும் தேடுவது ஒரு பழைய சைக்கிள். விலை கேட்பார்கள், கியர் எத்தனை என்று பார்ப்பார்கள். ஃபிரேம் அளவை, அதாவது சீட்டைத் தாங்கும் குழாயின் உயரத்தை, யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

ஊரில் அந்தப் பழக்கம் நமக்கு வரவில்லை. அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிளின் ஃபிரேம் 22 இஞ்ச், இல்லையென்றால் 24 இஞ்ச். 22 இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 56 செ.மீ.; ஐந்தடி நாலங்குல ஆளுக்கு அதுவே பெரிது. கால் எட்டாதவர்கள் குரங்கு பெடல் போட்டோம், நிறுத்தும்போது பிளாட்பாரத்தைத் தேடிக் காலூன்றினோம். இங்கே சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்ப வேண்டும், குளிர்காலத்தில் தரை வழுக்கும். கால் சரியாக ஊன்றவில்லையென்றால் சைக்கிளோடு சாய்வீர்கள். விற்பனைக்கு வருபவையோ பெரும்பாலும் நெட்டையான ஆட்கள் ஓட்டியவை. 57, 60 செ.மீ. ஃபிரேம்கள் சாதாரணமாகக் கண்ணில் படும். மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். சீட்டை இறக்கலாம், பாரை இறக்க முடியாது.

இன்னும் ஊரில் இருப்பவர்கள் கிளம்பும் முன் வீட்டிலேயே அளந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். பாதங்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டியிருந்தால்தான் அது சாயாமல் நிற்கும். அம்மாவையோ தம்பியையோ புத்தகத்தின் மேல் விளிம்பில் பென்சிலால் கோடு போடச் சொல்லி, தரையிலிருந்து கோடு வரை தையல் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். பேண்ட் தைக்க டெய்லர் எடுத்த உள்பக்கக் கால் அளவு உதவாது, அது குறைவாக இருக்கும்.

வந்த செ.மீ. கணக்கை 0.66 ஆல் பெருக்குங்கள்; அதுதான் உங்களுக்கு ஏற்ற ஃபிரேம் அளவு. கால் 75 என்றால் 49.5. ஊருக்குள் ஓட்டும் சாதாரண சைக்கிளில் 48 முதல் 50 வரை தேடுங்கள். மவுண்டன் பைக் என்றால் 0.57 ஆல் பெருக்க வேண்டும். அதே காலுக்கு 43 செ.மீ., அதாவது சுமார் 17 இஞ்ச். எஸ், எம், எல் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பிப் போகாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும்.

விளம்பரத்தில் பெரிதாக 28 என்று போட்டிருப்பது சக்கர அளவு. பலர் ஏமாறுவது இங்கேதான். ஜெர்மன் விளம்பரங்களில் ஃபிரேம் உயரத்தை ஆர்.ஹெச். என்று சுருக்கிப் போடுவார்கள். அது இல்லையென்றால் டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்: பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து, சீட் கம்பி நுழையும் குழாயின் மேல்முனை வரை. சீட் வரைக்கும் அளந்து சொன்னால் அந்த எண்ணால் பயனில்லை.

நேரில் போனதும், ஷூ போட்டபடி பாரின் இரண்டு பக்கமும் கால் வைத்து நில்லுங்கள். பாதம் முழுக்கத் தரையில் பட, பாருக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி வேண்டும். பிறகு உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நீண்டால் சீட் உயரம் சரி. சீட்டைக் கடைசிவரை இறக்கியும் குதிகால் எட்டவில்லையா, ஃபிரேம் பெரிது. சீட் கம்பியில் ஒரு கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் ஃபிரேம் சிறிது. அப்படியே ஓட்டினால் கம்பி உடையலாம், ஃபிரேமும் விரியலாம். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். தோள் இழுத்தால் விட்டுவிடுங்கள்.

உயரம் குறைந்தவர்கள் 26 இஞ்ச் சக்கர சைக்கிளையும், பார் தாழ்ந்த சைக்கிளையும் பாருங்கள். நம் ஊரில் அதை லேடீஸ் சைக்கிள் என்போம்; இங்கே ஆண்களும் ஓட்டுகிறார்கள், தயங்காதீர்கள். ஆனால் அதிலும் கைப்பிடி தூரத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

குழாய்கள் சேரும் இடங்களில் விரிசல் இருக்கிறதா, பெயின்ட் உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஃபிரேம் நம்பரைச் சுரண்டியிருந்தால் திருட்டு வண்டியாக இருக்கலாம், பேரம் பேசாமலே கிளம்புங்கள். வாங்கினால் நம்பரை எழுதி விற்றவர் கையெழுத்தோடு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். பெடலைச் சும்மா பின்னால் சுற்றும் பழக்கம் நமக்கு உண்டு. பணம் கொடுக்கும் முன் ஆள் நடமாட்டமில்லாத தெருவில் ஒரு சுற்று ஓட்டி, அந்த பிரேக் காலுக்குப் பிடிபடுகிறதா என்று பாருங்கள். ஓட்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.