தொப்புள் பக்கத்துல இருந்த கட்டிதான் காரணம்

ஆறு மாசமா என் சுகர் ஒரு நிலையில நிக்கவே இல்ல, அதே ரெண்டு இட்லி, அதே யூனிட் இன்சுலின், ஆனா ஒரு நாள் 280 மறுநாள் 65ன்னு காட்டும், மெஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு வேற மெஷின்கூட வாங்கிட்டேன். மதுரை ரேஸ்கோர்ஸ் கிரவுண்டுல காலைல என்கூட நடக்கிற ஒரு அக்கா இருக்காங்க, அவங்களுக்கும் இருபது வருஷமா சுகர். புலம்பினதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "தினமும் எந்த எடத்துல குத்துற?"

தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரே எடந்தான், அங்க வலிக்காதுல்ல. வீட்டுக்கு வந்து தடவிப் பாத்தா மெத்துனு ஒரு கட்டி. ஒரே எடத்துல குத்திக்கிட்டே இருந்தா தோலுக்கு அடியில கொழுப்பு தடிச்சுப் போயிடுமாம், அதுல போட்ட மருந்து ஒரு நாள் சரியா ஏறாம சுகர் கூடிடும், ஒரு நாள் தாமதமா ஏறி சுகர் எறங்கிடும்.

இப்ப வயித்த நாலு பாகமா பிரிச்சு வாரத்துக்கு ஒரு பாகம், ஒவ்வொரு குத்துக்கும் ஒரு விரல் இடைவெளி, ஊசியும் புதுசு. ஆனா ஒண்ணு, டாக்டர்கிட்ட சொல்லாம எடத்த மாத்திடாதீங்க, நல்ல தோல்ல மருந்து முழுசா ஏறி சுகர் சட்டுனு எறங்கிடும். எனக்கு டோஸ குறைச்சுதான் ஆரம்பிச்சாங்க, அப்படியும் மூணாவது நாள் நடக்கும்போது கை நடுங்க ஆரம்பிச்சுது, அக்கா பையில இருந்த மூணு ஸ்பூன் சக்கரைய தண்ணில கலக்கிக் கொடுத்து கால் மணி நேரம் பக்கத்துலயே உக்காந்து திரும்ப டெஸ்ட் பண்ணிட்டுதான் என்ன எழுந்திரிக்கவே விட்டாங்க. இப்ப ஞாயித்துக்கிழமைதோறும் ரெண்டு பேரும் கட்டி ஏதும் இருக்கான்னு தடவிப் பாத்து ஒருத்தருக்கொருத்தர் போன் போட்டு சொல்லிக்கிறோம்.