லண்டன் போறனீங்களோ? ஒரு நாளை மியூசியத்துக்கு விடுங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து பிள்ளையளிட்ட லண்டன் போற அம்மா அப்பாமார் கனபேர் ஈஸ்ட்ஹாம் கடையும் கோயிலும் பார்த்திட்டுத் திரும்பி வந்திடினம். ஒரு நாளை பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒதுக்குங்கோ, உள்ள போகக் காசில்லை, ஆனா ஒன்லைன்ல ஃப்ரீ டிக்கெட் முதலே எடுத்து வைச்சா நல்லம். வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மட்டும் திறந்திருக்கும், மற்ற நாளில பின்னேரம் 5 மணிக்கே பூட்டிடுவாங்கள்.

முழுக்கப் பார்க்க வெளிக்கிட்டா முழங்கால் போயிடும், நேர 33ஆம் அறைக்குப் போங்கோ. எங்கட தீவின்ர தாரா எண்ட பௌத்தப் பெண் தெய்வத்தின்ர சிலை அங்கதான் நிக்குது, 8ஆம் நூற்றாண்டு, வெண்கலத்துக்குத் தங்கம் பூசினது, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில கிடைச்சதாம். இலங்கையில பிரிட்டிஷ் கவர்னரா இருந்த பிரவுன்றிக் 1830இல மியூசியத்துக்குக் குடுத்தவர் (ஆற்ற சாமானை ஆர் குடுக்கிறது எண்டு கேக்காதேங்கோ). கொழும்பு மியூசியத்தில இருக்கிறது அதின்ர நகல்தான். சோழர் காலத்து நடராசரும் அதே அறையிலதான், பக்கத்தில ஆந்திராவின்ர அமராவதி பௌத்தத் தூபிச் சிற்பங்கள், அதுக்கே ரெண்டு மணித்தியாலம் வேணும்.

சில்லு வைச்ச சூட்கேஸ் உள்ள விடமாட்டாங்கள். இல்ஃபோர்டில நிண்டா எலிசபெத் லைன் ரயில்ல ஏறி டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில இறங்கி நடக்கலாம். பஸ்ஸில காசு வாங்கமாட்டாங்கள், மகனிட்டச் சொல்லி பஸ், ரயிலுக்குக் காசு போட்டு வைக்கிற ஒயிஸ்டர் கார்ட் ஒண்டு எடுங்கோ.