பழைய கிட்டார் வாங்கப் போகிறீர்களா? ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள்

சுங்கை சிப்புட்டில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற தம்பிகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, அந்தக் காலத்து ஃபெண்டர் ஒண்ணு விலைக்கு வருது, எடுக்கலாமா?"

மேடையில் வாசிக்கத்தான் என்றால் மறுவெளியீடே போதும். ஃபெண்டர் 1982 முதலே தன் பழைய மாடல்களைத் திரும்பச் செய்து விற்கிறது. தேயாத ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கம்பிகள்), கடைக்காரரின் வாரண்டி, மழையில் நனைந்தாலும் நெஞ்சு பதறாது.

பழையதுதான் வேண்டுமா? காசு கொடுக்கும் முன், முன்பக்கத்தில் திருகியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றி, வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் 'பாட்' (pot) என்ற பாகத்தின் முதுகைப் பாருங்கள். 1377633 என்று பொறித்திருந்தால், 137 என்பது பாட்டைச் செய்த சிடிஎஸ் (CTS) கம்பெனி, 76 என்பது 1976, 33 அந்த ஆண்டின் வாரம். கிட்டார் 1965இல் செய்தது என்று விற்பவர் சொன்னால், ஒன்று பாட் மாற்றப்பட்டிருக்கிறது, இல்லை சொல்வது பொய். ஈயப்பற்றையும் கவனியுங்கள், பழைய பற்று மங்கிப்போயிருக்கும், பளிச்சென்று மின்னினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். இதைப் பார்க்காமல் நான் ஒருமுறை இரண்டு மாதச் சம்பளத்தை இழந்தேன்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கழுத்து சீக்கிரம் வளையும். கழுத்துக்குள் இருந்து வளைவைச் சரிசெய்யும் கம்பியான டிரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா என்று கேட்டு, கண்முன்னே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். அது இறுகிப்போயிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

மறுபடி பெயிண்ட் அடித்த அசலைச் சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், விலையும் நன்றாக இறங்கும். வாசிக்கிறவனுக்கு அதுதான் நல்ல வாய்ப்பு.