ரியோகானுக்குப் பணம் கட்டுமுன்

போன மாதம் ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊரான ஹகோனேயிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். அப்போது இரவு எட்டரை மணி இருக்கும். "ரெண்டு பேருக்கு எண்பதாயிரம் யென் கட்டினோம் அண்ணா. தரையில மெத்தை விரிச்சிருக்காங்க, சாப்பாடு முடிஞ்சுபோச்சாம். இதுக்கா இவ்வளவு காசு?" எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். எட்டு மணி என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஜப்பானுக்கு வேலைக்கு வந்த புதிதில் நானும் மனைவியும் அதே ஹகோனேயில் இதையேதான் செய்தோம்.

ரியோகான் என்பது ஜப்பானின் மரபு வழி விடுதி. தத்தாமிப் பாய் விரித்த அறை, வெந்நீர் ஊற்றுக் குளியல், பல சுற்றாக வரும் கைசெகி விருந்து எல்லாம் அதில் உண்டு. பாயில் செருப்போடு நடக்கக்கூடாது, குளித்துவிட்டுத்தான் தொட்டியில் இறங்கவேண்டும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். பணம் எங்கே வீணாகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

தாமதமாகப் போய்ச் சேர்வது

ஹோட்டலில் நாம் வாங்குவது படுக்கை. எத்தனை மணிக்குப் போனாலும் அது அங்கேயே கிடக்கும். ரியோகானில் விற்பதை 'இப்பாக்கு நிஷோக்கு' என்பார்கள்: ஓர் இரவு, இரண்டு வேளைச் சாப்பாடு. பெரும்பாலும் மூன்று மணிக்கு உள்ளே விட்டு, மறுநாள் பத்து அல்லது பதினோரு மணிக்கு அனுப்புவார்கள். அந்தப் பத்தொன்பது, இருபது மணி நேரத்துக்குத்தான் காசு. போனதும் தேநீரும் ஒரு சின்ன இனிப்பும் வரும். வெளிச்சம் இருக்கும்போதே ஒரு குளியல், ஆறு அல்லது ஆறரைக்கு விருந்து. சாப்பிட்டு முடிப்பதற்குள் மெத்தை விரித்திருப்பார்கள். படுக்குமுன் இன்னொரு குளியல், விடிந்ததும் மூன்றாவது. பல இடங்களில் ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் இரவில் மாற்றிவிடுவார்கள். மாலையில் ஒன்று, காலையில் ஒன்று என்று இரண்டு குளியலறைகளையும் பார்க்கலாம். எட்டு மணிக்குப் போகிறவருக்கு இதில் பாதி இல்லை.

நாங்கள் அன்று என்ன செய்தோம்? ரோப்வேயில் ஏறினோம். ஓவாகுதானியில் கந்தக ஊற்றில் வேகவைத்த கருப்பு முட்டை சாப்பிட்டோம். ஆஷி ஏரியில் கப்பல் சவாரியும் போனோம். ஞாயிற்றுக்கிழமை மாலை என்பதால் மலைப்பாதையில் பேருந்து நகரவே இல்லை. விடுதியை அடைந்தபோது மணி ஏழே முக்கால். விடுதியை நடத்தும் அம்மாள், அதாவது ஒகாமி, வாசலிலேயே காத்திருந்தார். சமையற்கட்டு மூடியாகிவிட்டது. கைசெகியைச் சூடுபடுத்திக் கொடுக்க முடியாது. ஒவ்வொரு தட்டும் அதனதன் நேரத்துக்குத் தயாராவது, மீனையும் தலைக் கணக்குப் பார்த்துத்தான் வாங்கியிருப்பார்கள். எங்களுக்காக ஆளுக்கு இரண்டு சோற்று உருண்டையும் ஊறுகாயும் செய்து அனுப்பினார். அதைப் பார்த்ததும் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. விடுதிமேல் ஒரு குறையும் இல்லை, தவறு முழுக்க எங்களுடையது.

இரண்டு வருடம் கழித்து அதே விடுதிக்கு மூன்று மணிக்கே போனோம். அன்று வந்த சூப் கிண்ணம் இன்னும் நினைவில் இருக்கிறது. கருப்பு அரக்குக் கிண்ணம். ஆவியில் மூடி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பரிமாறிய அம்மாள் முழங்காலிட்டு, கிண்ணத்தின் பக்கங்களை இரு விரலால் லேசாக அழுத்திக் காட்டினார். மூடி நெகிழ்ந்தது. யூஸு என்ற எலுமிச்சை வகைப் பழத் தோலின் வாசனை முகத்தில் வந்து மோதியது. முதல் தடவை நாங்கள் காசு கொடுத்துவிட்டு வாங்காமல் வந்தது இதைத்தான்.

அதனால் 'இவ்வளவு விலை தகுமா' என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நாலு மணிக்குள் போய்விடுவீர்களா? போவீர்கள் என்றால் தாராளமாகத் தகும். முடியாது என்றால் பத்தாயிரம் யென்னில் எளிமையான ஒரு பிசினஸ் ஹோட்டல் போதும். ஊர் சுற்றுவதை மறுநாளைக்கு வையுங்கள். அறையைக் காலி செய்த பிறகும் பெட்டியைப் பொதுவாக விடுதியிலேயே பார்த்துக்கொள்வார்கள்.

விலையைத் தப்பாகப் படிப்பது

பெரும்பாலும் அது ஆளுக்கு. அறைக்கு என்று நினைக்காதீர்கள்.

சைவம் என்பதைப் போன பிறகு சொல்வது

மீனும் இறைச்சியும் வேண்டாம் என்றால் தட்டில் மீன் இருக்காது. ஆனால் சூப், வேகவைத்த காய், சாஸ் எல்லாவற்றிலும் தாஷி என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்ந்த போனிட்டோ மீனைச் சீவி எடுப்பது. தாஷியும் ஆகாது என்று பதிவு செய்யுமுன்பே எழுதிக் கேளுங்கள். பல விடுதிகள் முடியாது என்றுதான் சொல்வார்கள், அது நேர்மையான பதில். சுத்த சைவர்களுக்கு நான் சொல்வது கோயாசான். 9ஆம் நூற்றாண்டில் கூகாய் நிறுவிய அந்த மலைத் தலத்தில் ஏறக்குறைய ஐம்பது கோயில்கள் தங்க இடம் தருகின்றன. அங்கே பரிமாறும் ஷோஜின் உணவில் மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. கடற்பாசியிலும் உலர்ந்த காளானிலும் சாறு எடுக்கிறார்கள். விடியற்காலைப் பூசையில் நாமும் போய் உட்காரலாம். இரவுச் சாப்பாடு ஐந்தரைக்கே வந்துவிடும், அங்கும் தாமதமாகப் போகக்கூடாது.

கூச்சத்துக்காக விலையுயர்ந்த அறை எடுப்பது

பொதுக் குளியலில் துணியில்லாமல் இறங்க நம்மவர்களுக்குக் கூச்சம் இருக்கும், அதில் தப்பில்லை. அதற்காக அறையோடு தனித் தொட்டி இருக்கிற விலையைக் கட்டவேண்டியதில்லை. 'காஷிகிரி' என்று கேளுங்கள். குடும்பத்துக்கு மட்டும் முக்கால் மணி நேரம் போல ஒரு குளியலறையைப் பூட்டிக்கொள்ளத் தருவார்கள். சில விடுதிகளில் கட்டணமே இல்லை. பச்சை குத்தியிருப்பவர்களைப் பல பொதுக் குளியல்களில் விடமாட்டார்கள், அவர்களுக்கும் இதுதான் வழி.

வந்து இறங்கிய முதல் இரவே போவது

இரவெல்லாம் விமானத்தில் வந்த உடம்பு, விருந்தின் மூன்றாவது தட்டிலேயே தூங்கிவிடும்.

டிப்ஸ்

வேண்டாம்.

யுகாத்தா

விடுதியில் உடுத்தத் தரும் மெல்லிய அங்கி இது. இடப்பக்கம் மேலே வரவேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் இறந்தவருக்கு உடுத்தும் முறை.

பெரிய பெட்டியோடு போவது

சக்கரம் பட்டால் பாய் கிழியும். முந்தின ஹோட்டலிலேயே 'தக்குபின்' என்று சொன்னால் பெட்டி நேராக அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் போய்விடும், பெரும்பாலும் மறுநாளே. ரியோகானுக்கு மாற்றுத்துணி உள்ள ஒரு தோள்பை போதும். துண்டு, பல் தூரிகை, இரவில் உடுத்த யுகாத்தா எல்லாம் அவர்களே தருவார்கள்.