4,500-ல் மட்டும் திக்கிய எஞ்சின்: என் அனுபவம்

பழைய 650 சிசி ட்வின் (இரண்டு சிலிண்டர்) பைக் எஞ்சினுக்கு 9:1 கம்ப்ரஷன் தரும் ஃபோர்ஜ்டு பிஸ்டன், ரேஸ் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), பெரிய கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) எல்லாம் போட்டாச்சு. ஐடிலிங் அருமை. ஆனால் 4,500 ஆர்பிஎம்மில் திக்கும். 5,200 தாண்டினால் தானே சரியாகிவிடும். பிளக் வெள்ளையாக இருந்தது. பெட்ரோல் போதவில்லை என்று, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, நீடிலையும் (ஊசி) ஏற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. இக்னிஷன் பக்கம் காயில், கண்டென்சர், டைமிங் பார்த்ததிலும் நாள்தான் போனது.

கவனித்தால், எந்த கியரிலும் அதே ஆர்பிஎம். த்ராட்டில் பாதியோ முழுசோ, வித்தியாசமில்லை. ஜெட் கோளாறு என்றால் த்ராட்டில் திறப்போடு நகரணும். இது நகராமல் ஒரே ஆர்பிஎம்மில் நின்றதால் சந்தேகம் எஞ்சின் அதிர்வு மேல் போனது. ஃப்ளோட் கிண்ணத்தின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) அடித்திருகைக் கழற்றி, அந்த இடத்தில் உள்ளிருப்பது வெளியே தெரியும் தெளிவான குழாயை மாட்டி நிமிர்த்தி வைத்து, நியூட்ரலில் முறுக்கினேன். சரியாக 4,500-ல் பெட்ரோல் சோடா மாதிரி பொங்கியது! ஜெட்டுக்குப் போனது பாதி நுரை.

பிஸ்டன் எடை மாறினால், அதோடு சுழலும் கிராங்க் தண்டின் பேலன்ஸும் மாறும், அதிர்வும் மாறும். அதைப் பிரித்துச் சரிசெய்வதுதான் முறை. பெரிய வேலை, பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு அதிர்வு கார்புரேட்டருக்குப் போகாமல் இருக்க, மேனிஃபோல்டுக்கும் (எஞ்சினுக்குக் கலவை போகும் குழாய்) கார்புரேட்டருக்கும் நடுவே பெட்ரோல் பட்டாலும் கெடாத ரப்பர் குழல், இரண்டு கிளாம்ப். திக்கல் போயே போச்சு. மெயின் ஜெட்டைப் பழைய அளவுக்கே மாற்ற வேண்டியிருந்தது, பெரியதில் பிளக் கரி பிடித்தது.