எத்தனை பேர் என்பதற்கு முன் யார் என்று கேளுங்கள்

கருத்தாய்வு செய்யக் கிளம்புபவர்கள் முதலில் கேட்பது, "மாதிரிக்கு எத்தனை பேர் போதும்?" என்பதைத்தான். எல்லோரையும் கேட்க முடியாததால் அவர்கள் சார்பாகக் கேட்கத் தேர்ந்தெடுக்கும் சிறு குழுதான் மாதிரி. யாரைத் தேர்ந்தெடுப்பது, எந்தப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்கள் அரிது. பின்னால் வரும் தவறுகளில் பாதி அங்கேயே விதைக்கப்பட்டுவிடுகின்றன.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஏறத்தாழ 1 கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன்தான் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் அப்போது பதவியில் இருந்த அதிபர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐக் கைப்பற்றி. மிகச் சிறிய மாதிரியை வைத்திருந்த கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் அதைச் சரியாகச் சொல்லியிருந்தார். பத்திரிகை பயன்படுத்திய முகவரிகளில் பெரும்பகுதி தொலைபேசிக் கையேடுகளிலிருந்தும் கார் பதிவேடுகளிலிருந்தும் வந்தவை. பொருளாதார மந்தம் வாட்டிய அந்தக் காலத்தில் ரூஸ்வெல்ட்டை ஆதரித்த ஏழைகள் பலர் அவற்றில் இல்லை. பலரும் பட்டியலைக் குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சீட்டு கிடைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பதிலே அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலையில் இருந்திருப்பார்கள் என்று எதை வைத்து நம்புவது?

இன்று அதே தவறு வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் வினாப்படிவமாக வருகிறது. தெரிந்தவர்களுக்கு அனுப்பி, கிடைத்ததை வைத்துக்கொள்வது வசதி மாதிரி. அதில் குற்றமில்லை, முன்னோட்டத்துக்கு அது போதும். ஆனால் அறிக்கையில் "சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று எழுதுகிறார்களே, அது பொய். சமவாய்ப்பு என்றால் கண்ணில் பட்டவரைக் கேட்பது அல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் தேர்வாவதற்கான வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தேர்வைக் குலுக்கலோ கணினியோ செய்ய வேண்டும்.

வீடு வீடாகப் போகிறவர்களுக்கு வேறொரு சிக்கல். வீட்டைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்துவிட்டு, கதவைத் திறந்தவரிடமே கேள்வி கேட்டுத் திரும்புகிறார்கள். பகலில் கதவைத் திறப்பவர்கள் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே வகையினர்தான். அடுத்த பிறந்தநாள் யாருக்கு வருகிறதோ அவரிடம் கேட்பது போன்ற ஒரு விதி வேண்டும். அவர் வெளியே போயிருந்தால் மறுபடியும் போக வேண்டும். அலுப்பான வேலைதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். முறையான சமவாய்ப்பு மாதிரியில் 400 பேர் இருந்தால் பிழை வரம்பு, அதாவது மாதிரியின் விடை உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டியோ குறைத்தோ சுமார் 5 சதவீதப் புள்ளிகள். 1,000 பேர் இருந்தால் சுமார் 3. பிழையைப் பாதியாக்க வேண்டுமென்றால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். ஆனால் 400 பேரில் 60 பேர் மட்டுமே முதியவர்கள் என்றால், அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லும்போது பிழை வரம்பு 13 புள்ளிகளுக்குத் தாவிவிடும். மொத்த மாதிரிக்கான 5 புள்ளியை இந்தச் சிறு பிரிவுக்கும் பூசிவிடுவது அன்றாடம் காணும் காட்சி.

தரவு கைக்கு வந்ததும் சராசரிக்குப் பாய வேண்டாம். பதில் சொல்லாதவர்களுக்கு 99 என்று குறியீடு போடும் வழக்கம் உண்டு. 200 பேரிடம் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கேட்டு, 190 பேரின் சராசரி 2 என்றும், மீதி 10 பேருக்கு 99 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 99 என்பது பதில் இல்லை என்பதற்கான குறி என்று மென்பொருளிடம் சொல்ல மறந்தால் சராசரி 6.85 என்று வந்து நிற்கும். இதையாவது பார்த்ததும் பிடித்துவிடலாம். 1 முதல் 5 வரை குறிக்கும் ஐந்து புள்ளி அளவுகோலில் 9 என்ற குறியீடு வைத்தவர்களின் நிலைமைதான் மோசம்: அதே 200 பேரில் 10 பேருக்கு 9 என்றிருந்தால், உண்மையில் 3 ஆக இருக்க வேண்டிய சராசரி 3.3 ஆகும், யாருக்கும் சந்தேகம் வராது. முதலில் ஒவ்வொரு கேள்விக்கும் அலைவெண் அட்டவணை (எந்த மதிப்பு எத்தனை முறை வந்தது என்ற பட்டியல்) எடுத்து, மிகச் சிறிய மதிப்பையும் மிகப் பெரிய மதிப்பையும் பார்த்துவிடுங்கள்.

குறியீடு சரியாக இருந்தாலும் சராசரி ஏமாற்றும். ஒன்பது பேர் 20 நிமிடத்தில் வேலைக்குப் போகிறார்கள், ஒருவருக்கு 3 மணி நேரம் ஆகிறது. சராசரி 36 நிமிடம். அந்தப் பத்துப் பேரில் 36 நிமிடப் பயணம் செய்பவர் யாருமில்லை. இடைநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு, 20 என்று உண்மையைச் சொல்லும். ஐந்து புள்ளி அளவுகோலில் பாதிப் பேர் 1, பாதிப் பேர் 5 என்று குறித்தால் சராசரி 3 வரும். அதை "நடுநிலை" என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. பக்கத்திலேயே, பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்று காட்டும் திட்டவிலக்கம் 2 என்று அச்சாகியிருக்கும், அதைப் படிப்பார் இல்லை. ஆணுக்கு 1, பெண்ணுக்கு 2 என்று குறித்து, பாலினத்தின் சராசரி 1.6 என்று போட்டவர்களும் இருக்கிறார்கள். மென்பொருள் மறுப்புச் சொல்லாது.

சதவீதத்தில் இரண்டு எச்சரிக்கைகள். 40 சதவீதம் 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. 25 சதவீத உயர்வு என்றும் சொல்லலாம், ஆனால் "10 சதவீத உயர்வு" தவறு. இன்னொன்று, எதில் சதவீதம் என்பது. 400 படிவம் அனுப்பி, 120 திரும்பி வந்து, 90 பேர் "ஆம்" என்றிருந்தால், "75 சதவீதத்தினர் ஆதரவு" என்று தலைப்புப் போடத் தோன்றும். அனுப்பிய 400-இல் அந்த 90 பேர் 22.5 சதவீதம்தான். பதில் அனுப்பாத 280 பேர் என்ன நினைத்தார்கள் என்பது அட்டவணையில் எங்கும் இல்லை. ஆகவே 400, 120, 90 ஆகிய மூன்று எண்களையும் அட்டவணைக்கு அடியிலேயே அச்சிட்டுவிடுங்கள்.